மங்கலம் நடந்த தெருக்கள்

தலைமை நாற்காலியில் அமர்த்திவிட்ட பிறகும், தம் புத்தகக் கடை முக்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் போலவே நம்மையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும், சிதம்பரத்துக்கு வாசிப்பைப் பழக்கிய பெருந்தகை ஐயா ஆரோக்கியராஜ் அவர்களே! பரங்கிப்பேட்டையிலிருந்து பேருந்து பிடித்து வந்து முன்வரிசையை முழுமையாக்கியிருக்கும் அன்புத் தாய்மார்களே! தானே புயல் தலைசாய்த்த தோப்புகளின் நடுவிலிருந்து, தலைசாயாத தமிழ்ப்பற்றோடு வந்திருக்கும் கடலூர், பண்ணுருட்டிப் பெரியோர்களே! கணினித் திரையில் பெயராக மட்டுமே பழகி, இன்று முதன்முதலாக முகமாகப் பார்க்கிற என் இணையத்து உறவுகளே! உட்கார இடமில்லாமல் கடைசியில் நின்றாலும் கைப்பேசியைக் கீழே வைக்காத தம்பிகளே, தங்கைகளே! உங்கள் ஒவ்வொருவரின் திருமுகத்தையும் தனித்தனியே பார்த்து வணங்கிய நிறைவோடு, ஞானாம்பாள் என்கிற இந்தத் தமிழாசிரியை பேசத் தொடங்குகிறேன்.

விழாக் குழுவினர் எனக்கு ஒரு தலைப்புத் தந்திருக்கிறார்கள். ‘எழுத்தாளரின் இணையதளம்: வாசகரை வரவைப்பது எப்படி?’ இதுதான் தலைப்பு. நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள். கரும்பலகையில் எழுதத் தெரியும். கணினியில் என்ன தெரியும் எனக்கு? யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உண்மைதானே! ஆனாலும் இந்த மேடையில் ஏறி நிற்க எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. என் வாழ்நாளில் என்னை நிற்க வைத்து, நடுங்க வைத்து, வாயடைக்க வைத்தது ஓர் இணையதளம். இடி விழுந்ததைப் போல என்பார்களே, அது எனக்கு நடந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதையின் ஒரு துண்டு தெரியும். முழுதும் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் மூன்று நான்கு பேர்தான். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு பார்க்க என் அண்ணன் மகளோடு சிதம்பரம் மேலவீதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கூட்டமான கூட்டம். முடிவு வருகிற பக்கம் திறக்கவே இல்லை. அந்த நேரத்தில் பக்கத்துக் கணினியில் யாரோ திறந்து வைத்துவிட்டு எழுந்து போயிருந்த ஒரு பக்கம் என் கண்ணில் பட்டது. தமிழில் இருந்தது. தமிழாசிரியையின் கண் தமிழைப் பார்த்தால் சும்மா இருக்குமா?

‘மங்கலத்தின் நடை’ என்று தலைப்பு. கீழே, ‘இன்று செம்மண்டலத்திலிருந்து கெடிலம் பாலம் வரை நடந்தேன்’ என்று தொடங்கியது. என்ன நடை ஐயா அது! பாலத்தின் மேல் பழக்கடைக்காரர் ஒருவர், விற்காத பலாச்சுளைகளை ஈ மொய்க்காமல் ஒரு வேட்டித் துணியால் மூடிவிட்டு, அதே துணியின் முனையில் தன் முகத்தையும் துடைத்துக்கொள்கிறார். வண்டி மாடு ஒன்று பாலத்தின் ஏற்றத்தில் நின்றுவிட, பின்னால் நிற்கும் நகரப் பேருந்தின் ஓட்டுநர் ஒலிப்பானை அடிக்காமல் காத்திருக்கிறார். ‘ஏன் அடிக்கலன்னு கேட்டேன். மாடு பயந்துக்கும்ல என்றார்’ என்று எழுதியிருக்கிறார் மங்கலம். அவ்வளவுதான் அந்த வார நடை. பெரிய கருத்து இல்லை, பிரசங்கம் இல்லை. படித்து முடித்தபோது என் காலில் கெடிலத்துப் புழுதி ஒட்டியிருந்ததைப் போல இருந்தது.

அதற்குக் கீழே ஒரு கேள்வி. ‘உங்கள் தெருவில் இன்று என்ன பார்த்தீர்கள்?’

அன்பர்களே, இந்தக் கேள்வியை வேறு எந்த எழுத்தாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எத்தனை எழுத்தாளர்களின் தளங்களைப் பார்த்திருக்கிறேன்! திறந்தவுடன் மாலை போட்ட படம். அடுத்த பக்கம் பொன்னாடை போர்த்திய படம். நான் எழுதியவை, நான் பெற்றவை, நான் பேசியவை, நான், நான், நான்! வாசகன் எங்கே ஐயா நிற்பது? வாசலில் நின்று படத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். மங்கலம் அந்த வாசலில் ஒரு நாற்காலி போட்டு, ‘உட்காருங்க, உங்க ஊர்ல என்ன சேதி?’ என்று கேட்டார்.

கேட்டால் யார்தான் சொல்லமாட்டார்கள்? முப்பது, நாற்பது என்று பின்னூட்டங்கள் வந்தன. சிங்கப்பூரிலிருந்து ஒருவர், நெய்வேலியிலிருந்து ஒருவர், குடிகாட்டிலிருந்து ஒரு பெண். ஒவ்வொன்றுக்கும் மங்கலம் பதில் எழுதினார். ‘நன்றி, வருகைக்கு மகிழ்ச்சி’ என்று மொட்டையாக எழுதமாட்டார். கீழவீதிப் பூக்கடையைப் பற்றி நான் எழுதினால், ‘அந்தப் பூக்காரம்மா தண்ணி தெளிக்கறது கையாலயா, வேப்பங்கொத்தாலயா?’ என்று திருப்பிக் கேட்பார். அதைப் பார்ப்பதற்காகவே மறுநாள் கீழவீதிக்கு நான் மறுபடி போனேன் என்றால் நம்புவீர்களா? நாற்பது வருடம் நடந்த தெருவை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். அவர் தனியாக மடல் எழுதியும் கேட்பார். ‘டீச்சர், பழைய ஞாபகத்துல எழுதறேன், சரியான்னு தெரியல. தெற்கு வீதி திரும்பறப்ப முதல்ல வர்ற சத்தம் என்ன?’ நான் போய் நின்று கேட்டு எழுதுவேன். ஒரு பெரிய எழுத்தாளருக்கு நம்மால் ஒரு சிறிய உதவி என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமையை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நவ்ஷாத்துக்கு வருகிறேன். அதோ, முன்வரிசைத் தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பிள்ளை அவர்.

நவ்ஷாத் பரங்கிப்பேட்டைக்காரர். குவைத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை. முதலாளியோடு ஏதோ தகராறு, கடவுச்சீட்டு அந்த முதலாளி கையில் மாட்டிக்கொண்டது. நான்கு ஆண்டுகள் ஊருக்கு வர முடியவில்லை. வாப்பா இல்லை. உம்மா மலிகா மட்டும் வீட்டில். அப்போதெல்லாம் இப்போதுபோல முகம் பார்த்துப் பேசும் வசதி ஏது? தொலைபேசியில் அந்த அம்மா எப்போது கேட்டாலும், ‘நல்லாத்தான் இருக்கேன் தம்பி’ என்று ஒரே பதில்தான் சொல்வார். ஒருநாள் நவ்ஷாத் தளத்தில் எழுதினார்: ‘அக்கா, நீங்கள் எங்கெங்கோ நடக்கிறீர்கள். ஒரு தடவை எங்கள் தெருவுக்கு நடந்து போங்கள். என் உம்மா எப்படி இருக்கிறார் என்று உங்கள் கண்ணால் பார்த்து எழுதுங்கள்.’

இரண்டு வாரம் கழித்து வந்தது அந்த நடை. படித்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். பாருங்கள், பாதி மண்டபம்! மலிகா அம்மா வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, முறத்தில் அரிசி பொறுக்குகிறார். தெருவில் வருகிற ஆட்டை, ‘நேத்து தின்னது பத்தலியா உனக்கு?’ என்று அதட்டுகிறார். அதட்டிக்கொண்டே ஒரு பிடி அரிசியைத் தூக்கிப் போடுகிறார். இடது முழங்காலில் எண்ணெய் தடவியிருக்கிறார். வலி இருக்கிறது, வைத்தியம் நடக்கிறது. கதவுக்குப் பின்னால் ஆணியில் நவ்ஷாத்தின் பழைய பச்சைச் சட்டை தொங்குகிறது. துவைத்து, தேய்த்து, தொங்குகிறது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தன் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்தார் நவ்ஷாத். அறையில் இருந்த மற்றவர்கள் படித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்களாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசற்படி இருக்கிறதல்லவா?

இப்படியே போயிருந்தால் நானும் இந்த மேடையில் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். ஆனால் வந்தது தானே புயல்!

கடந்த டிசம்பர் கடைசியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? நீங்களே அதன் நடுவில் நின்றவர்கள். முந்திரி போச்சு, பலா போச்சு, கூரை போச்சு, மின்சாரக் கம்பங்கள் முறுக்கிய கம்பிபோலப் போச்சு. கடலூர் இருண்டது. மங்கலத்தின் தளம் நின்றது. சனிக்கிழமை வந்தது, சனிக்கிழமைதோறும் வருகிற நடை வரவில்லை. உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பின்னூட்டங்கள் குவிந்தன. ‘அக்கா, உயிரோடு இருக்கிறீர்களா?’ ‘யாராவது அவரைப் பார்த்தீர்களா?’ ‘புயலன்றும் நடக்கப் போயிருப்பாரோ?’ இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடலைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாதே! தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போயிருந்தால்?

எப்போதோ அவர் எனக்கு ஒரு நாவல் அனுப்பியபோது உறையில் கடலூர் செம்மண்டலம் முகவரி இருந்தது. கிளம்பிவிட்டேன். பேருந்து ஆலப்பாக்கம் தாண்டி ஊர்ந்தது. வழியெல்லாம் வேர் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. செம்மண்டலத்தில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு பெண்மணி உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கொளஞ்சியம்மாள் என்று பெயர், பக்கத்து வீடு.

“மங்கலம் அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க. எங்க போவாங்க?”

“இல்ல, நடக்கப் போயிருப்பாங்களோன்னு நெனச்சேன்.”

துடைப்பம் நின்றது. “யாரு? மங்கலமா? நடக்கவா? நீங்க எந்த மங்கலத்தத் தேடி வந்தீங்க?”

“எழுதுவாங்களே, அந்த மங்கலம்.”

“அதான். உள்ள வாங்க.”

உள்ளே போனேன். ஜன்னலோரம் ஒரு கட்டில். கட்டிலில் ஒரு பெண். கழுத்து வரை போர்வை. போர்வைக்குக் கீழே, அசைவில்லாத இரண்டு மெலிந்த கால்கள். வயிற்றின்மேல் தலையணை, தலையணைமேல் மூடிய மடிக்கணினி.

அன்பர்களே! கெடிலம் பாலத்தில் நடந்தது யார்? தேவனாம்பட்டினம் மணலில் கால் புதைய நின்றது யார்? திருப்பாப்புலியூர்ப் பூக்கடையில் கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு போனது யார்? என் முன்னால் கிடந்தவர் கடைசியாக நடந்தது இரண்டாயிரத்து மூன்றில்! ஓடும் பேருந்தில் ஏறும்போது விழுந்து, தண்டுவடத்தில் அடிபட்டு, அன்றிலிருந்து அந்தக் கட்டில்தான்.

“ஞானாம்பாள் டீச்சர்தானே?” என்றார் அவர். “குரலே இப்பத்தான் கேக்கறேன். ஆனா வாசல்ல பேசுனப்பவே, எழுதற மாதிரியே பேசறீங்களேன்னு கண்டுபுடிச்சிட்டேன். உக்காருங்க.”

உட்காரவில்லை நான். எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம்! “போன மாசம் சந்தைக்குப் போற வழில செருப்பு அறுந்துபோச்சுன்னு எழுதுனீங்களே! ஒத்தச் செருப்போட நடந்து, ஊக்கு வாங்கி மாட்டிக்கிட்டேன்னு எழுதுனீங்களே!”

“அது உங்க செருப்பு டீச்சர். கீழவீதில அறுந்துச்சுன்னு நீங்கதான் எனக்கு எழுதுனீங்க.”

ஐயா, அது என் செருப்பு! நானே எழுதி அனுப்பியது! அதை அவர் நடையில் படித்தபோது, ‘அடடா, நமக்கு நடந்ததைப் போலவே இவருக்கும் நடந்திருக்கிறதே’ என்று வியந்து பின்னூட்டம் வேறு போட்டிருந்தேன்! சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“எல்லாமே அப்படித்தான்” என்றார் மங்கலம். “பாலத்து மேல மாடு நின்னது குடிகாட்டுப் பொண்ணு பாத்தது. வீட்டுக்கு வெளிய நான் ஒரு அடி வெக்கல. நீங்கல்லாம் பாத்துச் சொன்னீங்க. நான் கோத்து எழுதுனேன்.”

“ஏன் பொய் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். அந்த ஜன்னலில் தெரிந்தது எதிர்வீட்டுச் சுவர் மட்டும்தான்.

“பொய் சொல்லணும்னு ஆரம்பிக்கல டீச்சர். ரெண்டு நாவல் எழுதுனேன், யாரும் சீண்டல. எங்க வீட்டுக்காரர்தான், ‘கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன்’னாரு. படம் போட்டேன், வாங்குன பரிசெல்லாம் போட்டேன். ஒரு ஆளு வரல. ஒருநாள் எல்லாத்தையும் எடுத்துட்டு, ‘இன்று நடந்தேன்’னு எழுதுனேன். படுத்துக்கிட்டே ‘நடந்தேன்’னு எழுதறப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. அப்பறம் நிறுத்த முடியல.”

“அப்பறமாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா என்ன ஆவும்? ‘ஐயோ பாவம்’னு வருவாங்க. இப்ப வர்றத விட ஜாஸ்தியா வருவாங்க. ஆனா என்னத்தான் பாப்பாங்க, நான் எழுதுனதப் பாக்க மாட்டாங்க.”

அப்போது வாசலில் காலடிச் சத்தம். சேறு படிந்த காக்கிச் சட்டையோடு அவர் கணவர் தங்கராசு வந்து நின்றார். மின்வாரியத்தில் கம்பியாளர். புயல் அடித்த காலையிலிருந்து ஊருக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருப்பவர். கூரை பறந்தபோது அவர் பணியில் இருந்தார். கொளஞ்சியம்மாளும் அவர் மருமகளும்தான் மங்கலத்தைக் கட்டிலோடு உள்ளறைக்கு இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இடையிடையே ஓடி வந்து மனைவியைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி போகிறார். ஊருக்கு வெளிச்சம் கொடுக்கிறவர் வீட்டில் அன்றும் மெழுகுவர்த்திதான்.

என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “தெரிஞ்சிருச்சா டீச்சர்?” என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, “நானும் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். ஆரம்பத்துல தளத்துக்கு வந்தவங்க எண்ணிக்கை கீழ காட்டும்ல? மஞ்சக்குப்பத்துல இருக்கற பிரவுசிங் சென்டர்ல எல்லாம் ஏறி எறங்கி அத ஏத்துனது நான்தான்” என்றார்.

படுத்திருந்த மங்கலம் சடாரென்று தலையைத் திருப்பினார். “அது நீங்களா? நான் அம்பது பேரு படிக்கறாங்கன்னு நெனச்சேனே!”

அன்பர்களே, அந்த வீட்டில் அன்று அதிர்ந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை!

மின்சாரம் வந்ததும் மங்கலம் செய்த முதல் காரியம், உண்மையை எழுதியது. நான் சொல்லிக் கேட்டு எழுதவில்லை. ‘டீச்சருக்குத் தெரிஞ்சு மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கறது சரியில்ல’ என்று அவராகவே எழுதினார். ‘நான் நடக்கவில்லை. நடந்தது நீங்கள்.’ அதுவரை வராத கூட்டம் வந்தது. எப்படி வந்தது? ஒருவர், ‘நம்பிக்கைத் துரோகம்’ என்றார். ஒருவர், ‘கால் இல்லாவிட்டால் என்ன, மனசாட்சியுமா இல்லை?’ என்றார். ‘ஐயோ பாவம்’ என்று நூறு பேர். அவர் பயந்த அதே ஐயோ பாவம்!

நவ்ஷாத் எழுதினார். மூன்றே வரி. ‘என் உம்மாவை நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் கண்ணை என் கண்ணாக நினைத்திருந்தேன். சுவரில் ஒட்டியதைக் கிழித்துவிட்டேன்.’

அந்த மூன்று வரி மங்கலத்தை முறித்தது. தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: “மூடிடறேன் டீச்சர். மத்தவங்க திட்டுனது தாங்கிக்குவேன். அந்தப் புள்ள கிழிச்சிட்டேன்னு எழுதிட்டானே.” நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. தளம் இருண்டது. புயலால் இருண்டது வேறு, இது வேறு.

மாதங்கள் போயின. மே மாதம் ஒருநாள் மங்கலத்திடமிருந்து அழைப்பு. குரலே சரியில்லை. “நவ்ஷாத் வந்துட்டானாம். பாஸ்போர்ட் கெடச்சிருச்சாம். நேர்ல வந்து கேக்கணுமாம். எனக்குப் பயமா இருக்கு. நீங்க வர்றீங்களா?” போனேன். யாரைக் கூட்டிக்கொண்டு போனேன்? தளத்தின் வாசகியான, பரங்கிப்பேட்டை சுகாதார நிலையத்துச் செவிலியர் வெண்மதியை. ஏன் தெரியுமா? மங்கலத்தின் மடலைப் படித்துவிட்டு மலிகா அம்மாவின் வாசலில் போய் நின்றவர், முழங்காலைப் பார்த்தவர், ஆட்டை அதட்டியதைக் கேட்டு எழுதி அனுப்பியவர் அவர்தான். ‘ஏதோ சின்னச் சந்தேகம் கேக்கறாங்கன்னு நெனச்சேன்’ என்கிறார். அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவர்தான்! எழுந்திருங்கள் வெண்மதி! சரி, வெட்கப்படுகிறார், விட்டுவிடுங்கள்.

நவ்ஷாத் வந்தார். நெடுநெடுவென்று உயரம், சிவந்த கண். கூடவே உம்மாவும் வந்திருந்தார். முழங்கால் வலியோடு படியேறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் மலிகா அம்மா.

கட்டிலைப் பார்த்ததும் நவ்ஷாத் தடுமாறினார். இருந்தாலும் கேட்க வந்ததைக் கேட்டார்: “நீங்க இப்படி இருக்கறது எனக்குக் கஷ்டமா இருக்கு அக்கா. அதுக்காகக் கேக்காம இருக்க முடியல. ஒவ்வொரு ராத்திரியும் நான் அந்த ஒரு பக்கத்தப் பாத்துதான் தூங்குனேன். நீங்க எங்க உம்மாவப் பாத்தேன்னு எழுதுனீங்க. பாக்கலியே! எங்க உம்மாவ வெச்சு என்ன ஏமாத்திட்டீங்களே!”

மங்கலம் கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கக் கையைத் தூக்கினார். தங்கராசு பாதிக் கதவில் நின்றபடி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறவள்.

ஆனால் அங்கே பேசியது மலிகா அம்மா.

“சத்தம் போடாத தம்பி” என்றார். “நீ என்ன பண்ணுன? உம்மா எப்படி இருக்கான்னு பாக்க ஆள் அனுப்புன. இந்தப் புள்ளைய அனுப்புன. இந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? அதுவும் ஆள் அனுப்புச்சு. உன்னாலயும் வர முடியல, அதாலயும் வர முடியல. இதுல யாரு யாரப் போயி கேள்வி கேக்கறது?”

மலிகா அம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

“முட்டிக்கு எண்ணெய் தேச்சது நெசந்தானே? ஆட்டுக்கு அரிசி போட்டது நெசந்தானே? உன் சட்டைய நான் தேச்சு மாட்டுனது நெசந்தானே? இதெல்லாம் நான் போன்ல உன்கிட்ட சொன்னேனா? எனக்குச் சொல்லத் தெரியல. சொல்ல ஆள் வந்துச்சு. அதப் போயி கிழிச்சேங்கறியே, பைத்தியக்காரா!”

அன்பிற்குரியவர்களே! இணையதளத்துக்கு வாசகரை வரவைப்பது எப்படி என்று கேட்டீர்களே! எத்தனை வகுப்பு, எத்தனை வழிகாட்டி, எத்தனை வித்தகர்கள் இதற்கு! அத்தனை பேரும் அந்தச் செம்மண்டலத்து அறையில் நின்றிருக்க வேண்டும்! வர முடியாதவனுக்கும் போக முடியாதவளுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். அந்த வழியில் நாம் ஒவ்வொருவரும் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறோம்! நீ நடந்தாய், நான் நடந்தேன், குடிகாடு நடந்தது, பரங்கிப்பேட்டை நடந்தது! நடப்பது இன்னதென்று தெரியாமலே நடந்தோமே, அதுதான் என்னை இன்றுவரை அதிர வைக்கிறது!

கை தட்டல் போதும். கதை இன்னும் முடியவில்லை.

நவ்ஷாத் தரையில் உட்கார்ந்தார். கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி, “அக்கா, உம்மா எதிர்லதான் நிக்கறாங்க. இப்ப எப்படி இருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

மங்கலம் பார்த்தார். மலிகா அம்மாவுக்கு வெட்கம் வந்து சிரித்துவிட்டார்.

“வெண்மதி ஒண்ணு சொல்லாம விட்டுட்டா” என்றார் மங்கலம். “சிரிக்கறப்ப முந்தானையால வாய மூடிக்கறீங்க.”

தளம் மறுபடி திறந்தது. இப்போது ஒவ்வொரு நடையின் அடியிலும் நடந்தவர்களின் பெயர் இருக்கிறது. பழைய நடைகளையும் தேடித் தேடிப் பெயர் போட்டிருக்கிறார். செருப்பு அறுந்த நடைக்குக் கீழே என் பெயர்! கோபித்துப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. மங்கலமே அப்படித்தான் சொல்கிறார். வந்தவர்களில் சிலர் பரிதாபப்பட வந்து, பரிதாபப்பட அங்கே நேரமில்லாமல், தெருவைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

நவ்ஷாத் வேறு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்து குவைத்துக்குத் திரும்பினார். போன சனிக்கிழமை வந்த நடையைப் படித்தீர்களா? படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘குவைத்துல நாலு வருஷம் இருந்தியே, உன் தெரு எப்படி இருக்கும்?’ என்று மங்கலம் அவரைக் கேட்டிருக்கிறார். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலைக்குப் போகிற வண்டியில் ஏறுவார், இறங்குவார், அவ்வளவுதான் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து முதன்முதலாக அந்தத் தெருவில் நடந்திருக்கிறார். ஒரு வீட்டு வாசலில் வழிப்போக்கர்களுக்காகக் குடிநீர்ப் பெட்டி வைத்திருக்கிறார்கள். குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு பூனை படுத்திருக்கிறது, வெயிலுக்கு. வீட்டுக்கார அரபியப் பெரியவர் வெளியே வந்து, பூனையைத் தொந்தரவு செய்யாமல் பெட்டியை எட்டி வளைந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறார். நவ்ஷாத்தைப் பார்த்துத் தலையசைக்கிறார். அந்த ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் அவரைப் பார்த்துத் தலையசைத்தது அதுவே முதல்முறை. அவர் அங்கேயே நின்று அதைக் கைப்பேசியில் எழுதிச் செம்மண்டலத்துக்கு அனுப்பியிருக்கிறார்.

அந்த நடை இப்படித் தொடங்குகிறது: ‘இன்று குவைத்தில் நடந்தேன். வெயில் கடுமை. நவ்ஷாத் கூட வந்தான்.’

இத்தனை நேரம் என் பேச்சுக்குத் தங்கள் மாலைப்பொழுதைத் தந்த தலைவர் அவர்களுக்கும், அழைத்த விழாக் குழுவினருக்கும், கதையின் நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், சிரிக்கவேண்டிய இடத்தில் மட்டும் சிரித்த தம்பி தங்கைகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வீட்டுக்குப் போகிற வழியில் உங்கள் தெருவைக் கொஞ்சம் பாருங்கள்; செம்மண்டலத்தில் ஒருவர் கேட்கக் காத்திருக்கிறார். வணக்கம்.